விதாரின் சப்பாத்து

ஒக்ரோபர் 2, வியாழன். இன்றைய பிழை: கடைக் கண்ணாடியில் தமிழில் இரண்டு வரி எழுதும்படி மார்செல் சொன்னார். பூட்டுக்குத் திறப்பு வெட்டப்படும் என்று ஒரு வரி. சப்பாத்து, செருப்பு திருத்தப்படும் என்று இன்னொரு வரி. நான் முதல் வரியை மட்டும் எழுதினேன். எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். சிறிய பிழை. நாளை: விதார் பற்றி ஒரு பக்கம் வாசித்துக் குறிப்பெடுக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் சேந்தன் பேனாவின் அடியால் மேசையில் இரண்டு தரம் தட்டினான். ‘சிறிய’ என்ற சொல்லை வெட்டுவதா விடுவதா என்று யோசித்தான். வெட்டினால் அது பெரிய பிழையாகிவிடும். விட்டால் பொய்யாகிவிடும். கடைசியில் கொப்பியை மூடிவிட்டான்.

இப்படித் தினமும் எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் வந்தது. மாநகரசபை நடத்தும் புராணக் கதைகள் வகுப்பு அது. மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வளர்ந்தவர்கள் இருபது பேர் படித்தார்கள். ஆசிரியர் ரோமன் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். எல்லோரும் கொப்பி வைத்திருக்கவேண்டும். திகதி, அன்று செய்த ஒரு பிழை, மறுநாள் செய்யவேண்டிய வேலை. அவ்வளவுதான். கொப்பியை அவர் திருத்தமாட்டார். மற்றவர்கள் இரண்டாம் கிழமையோடு விட்டுவிட்டார்கள். சேந்தன் விடவில்லை. பதினொரு வயதில் பிரான்சுக்கு வந்தவன் அவன். தமிழில் எழுதினால் ரோமனுக்கு விளங்காது என்ற துணிவில் உண்மையை எழுதினான்.

வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேசவேண்டும். ரோமன் தலைப்புகளைத் துண்டுகளில் எழுதி மேசையில் பரப்பியிருந்தார். அன்று கடையில் ஒரு சப்பாத்தின் குதியில் பசை காயச் சுணங்கியதால் சேந்தன் பத்து நிமிடம் பிந்திப் போனான். ஓடின், தோர், லோகி என்று வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களில் பெயர் பெற்றவர்கள் எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. ‘மகன்கள்’ என்று அதில் எழுதியிருந்தது.

“எவருடைய மகன்கள்?” என்று சேந்தன் பிரெஞ்சில் கேட்டான்.

“எல்லோருடைய மகன்களும்தான்” என்று ரோமன் சிரித்தார். “அப்பாமாரை எல்லோருக்கும் தெரியும். இவர்களை ஒருவருக்கும் தெரியாது. கஷ்டமான தலைப்பு. வேண்டுமென்றால் மாற்றித் தருகிறேன்.”

“வேண்டாம்” என்றான் சேந்தன். ஏன் அப்படிச் சொன்னான் என்பது வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் அவனுக்கு விளங்கியது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவனைச் சேந்தன் என்று கூப்பிடுகிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் அவன் தவரத்தினத்தாரின் மகன்.

தவரத்தினம், பிரான்சிலுள்ள ஊர்க்காரர் சங்கமான ஊர் ஒன்றியத்தின் செயலாளர். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் இருபத்திரண்டு வருடமாகக் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவர். ஒன்றியத்தில் கலியாணமோ செத்தவீடோ, மேடையில் மைக்கைச் சரிசெய்வது முதல் நன்றியுரை வரை அவர்தான். எபினே-சூர்-செய்னில் இரண்டறை வீடு. அதன் வரவேற்பறையில் ஒன்றியத்தின் பதாகைகள் சுருட்டி நிறுத்தியிருக்கும்.

மகன் வேலை செய்வது மார்செலின் கடையில். ரூ பெர்தொனே என்ற தெருவின் மூலையில், ஒரு நகைக்கடைக்கும் ரோல்ஸ் விற்கும் சாப்பாட்டுக்கடைக்கும் நடுவே அது இருந்தது. முன்பக்கம் திறப்பு வெட்டும் மெஷின். பின்பக்கம் சப்பாத்துக் குதி தேய்க்கும் பெரிய மெஷின். ஆட்கள் கொண்டுவருவதில் பத்தில் ஒன்பது சப்பாத்து. இரண்டு வருடத்தில் சேந்தனுக்குக் குதி மாற்றுவது, அடி ஒட்டுவது, வார் தைப்பது எல்லாம் கைவந்துவிட்டது. வேலை அவனுக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு சோடியைத் திருப்பிப் பார்த்தால் அதைப் போட்டவர் எந்தக் காலை அழுத்தி நடக்கிறார், எங்கே நின்று வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவான்.

ஆனால் தவரத்தினம் ஆட்களிடம் முதலில் சொன்னது, “மகன் ஒரு திறப்புக் கடையில நிக்கிறான்” என்று. அது பொய்யல்ல. ஆறு மாதத்தில் அது ‘பூட்டு, திறப்புக் கொம்பனி’ ஆனது. அடுத்த தைப்பொங்கலில் பிரெஞ்சில் ‘செக்குரித்தே’, பாதுகாப்பு வேலை, ஆனது. மாலை வகுப்பு தொடங்கிய கிழமையில் ஒருவர் தன் பலசரக்குக் கடைக்குக் கமரா பூட்டவேண்டும் என்று சேந்தனைக் கையோடு கூட்டிப்போனார். சேந்தன் முகட்டைக் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அது வேறு பகுதியினரின் வேலை என்று சொல்லித் தப்பிவந்தான். அன்றைய பிழையாக அதைத்தான் எழுதினான்.

கண்ணாடியில் ஒரு வரி எழுதிய மறுகிழமை, முதல் ஆளாக சாரதாதேவி மாமி வந்தாள். எபினேயில் அவர்கள் மாடிக்கு இரண்டு மாடி கீழே இருப்பவள். பையிலிருந்து முருங்கைக்காய்க் கட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, திறப்பு ஒண்டு வெட்டோணும்” என்று வீட்டுத் திறப்பை வைத்தாள். மெஷின் கிரீச்சிட்டு முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முருங்கைக்காயை விலக்கி, கடதாசியில் சுற்றிய ஒரு சோடியை மேசைக்குக் கீழால் நீட்டினாள். “உதின்ர குதியையும் ஒருக்காப் பார். வெள்ளைக்காரனே செய்வான்?”

“நான்தான் செய்வன் மாமி.”

“நீயோ?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஐயோ, உன்ர கொப்பருக்குச் சொல்லிப்போடாதை. அந்த மனுசன் தாங்காது. எனக்கு மட்டும் தெரிஞ்சதாய் இருக்கட்டும்.”

அடுத்த செவ்வாய் அம்புறோஸ் வந்தார். ஒன்றியத்தின் தலைவர். தேவாலயத்துக்குப் போடும் கறுத்தச் சப்பாத்தை நகைக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவரும் முதலில் ஒரு திறப்பைத்தான் வைத்தார்.

“இது என்ர இல்லை. ஒரு கூட்டாளியின்ர” என்றார், சப்பாத்தைக் காட்டி.

“போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ அண்ணை. இடது பக்கம் கொஞ்சம் இறுக்கும்.”

“ஓம், இடது பக்கம்தான் எனக்கு…” என்று தொடங்கியவர் இருமிக்கொண்டார். “அவருக்கு. கொப்பருக்கு ஒண்டும் சொல்லவேண்டாம், என்ன?”

இப்படியே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் திறப்பு வெட்டவே வந்தார்கள், எல்லோருடைய பையிலும் ஒரு சோடி இருந்தது, எல்லோரும் தங்களுக்கு மட்டுமே இந்த இரகசியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். சேந்தன் ஒவ்வொரு சோடிக்கும் துண்டு எழுதி, இலக்கம் போட்டு, கொப்பியின் பின்பக்கத்திலும் குறித்துவைத்தான்.

மார்செலுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இன்னும் வெட்டாத வெறுந்திறப்புகள் மூன்றாம் தரமும் முடிந்துபோனபோது மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். “சேந்தன், உங்கள் ஆட்களின் வீட்டுக்கு எத்தனை கதவு? ஒரே அம்மா ஒரே திறப்பை நாலு தரம் வெட்டிவிட்டார்.”

“எங்கள் வீடுகளில் உறவினர் அதிகம்” என்றான் சேந்தன். அன்றைய பிழைக்கும் வேறெங்கும் தேடவேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் அவன் மகன்களைத் தேடித் தேடி வாசித்தான். ரயிலிலும், பசை காயும் நேரத்திலும் வாசித்தான். தோரின் மகன் மக்னி. பிறந்து மூன்றே இரவான குழந்தை. தோர் ஓர் அரக்கனைக் கொன்றபோது, செத்த அரக்கனின் கால் தோரின் கழுத்தின்மேல் விழுந்து அமுக்கிவிட்டது. தெய்வங்கள் எல்லோரும் கூடித் தூக்கியும் அசையவில்லை. மக்னி வந்து, தூசியைத் தட்டுவதுபோல அந்தக் காலைத் தூக்கி எறிந்தான். தோர் சந்தோசத்தில் ஒரு குதிரையைப் பரிசாகக் கொடுத்தார். ‘எனக்குத் தந்திருக்கவேண்டிய குதிரையை ஓர் அரக்கி பெற்ற பொடியனுக்குக் கொடுத்துவிட்டாயே’ என்று தோரிடம் முணுமுணுத்தவர் ஓடின், தோரின் தகப்பன், தெய்வங்களுக்கெல்லாம் பெரியவர். அந்த இடத்தைச் சேந்தன் மூன்று தரம் வாசித்தான். பிள்ளை யார் வயிற்றில் பிறந்தது என்ற கணக்கு அங்கேயும் இருந்தது.

வாலி, ஓடினின் இன்னொரு மகன். ஒரு நாள் வயதில் அண்ணனுக்காகப் பழிவாங்கியவன். மோதி, மக்னியின் சகோதரன். அவன் என்ன செய்தான் என்று ஒரு வரிகூட இல்லை. கடைசி யுத்தத்தில் சாகாமல் மிஞ்சினான் என்பது மட்டும் இருந்தது.

பிறகு விதார், ஓடினின் மகன்களில் இன்னொருவன். பேசாத தெய்வம். கடைசி யுத்தத்தில் பெரிய ஓநாய் ஒன்று வந்து ஓடினை விழுங்கிவிடும். அப்போது விதார் முன்னுக்கு வந்து அதன் கீழ்த்தாடையில் ஒரு காலை ஊன்றி, மேல்தாடையைக் கையால் பிடித்து, வாயைக் கிழித்துவிடுவான். அந்தப் பல்லுக்கு மேல் ஊன்றும் காலில் ஒரு தடித்த சப்பாத்து இருக்கும். உலகம் தொடங்கிய நாளிலிருந்து சப்பாத்துச் செய்கிறவர்கள் விரல் பக்கத்திலும் குதிப் பக்கத்திலும் வெட்டி எறிந்த தோல்துண்டுகள் அத்தனையும் சேர்ந்து உண்டான சப்பாத்து அது. அதனால் தெய்வங்களுக்கு உதவ விரும்புகிறவர்கள் அந்தத் துண்டுகளை எறிந்துவிடவேண்டுமாம்.

சேந்தன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினான். மெஷினின் காலடியில் அன்றைய வெட்டுத்துண்டுகள் கிடந்தன. பிறைத்துண்டுகள், வால்துண்டுகள், கறுப்பு, மண்ணிறம். கோப்பித்தூள் வந்த ஒரு வெறும் பையை எடுத்து, விரல் பக்கத்துத் துண்டுகளையும் குதிப் பக்கத்துத் துண்டுகளையும் மட்டும் பொறுக்கிப் போட்டான்.

“என்ன செய்கிறாய்?” என்றார் மார்செல்.

“ஒரு தெய்வத்துக்குச் சப்பாத்து.”

மார்செல் தலையை ஆட்டினார். “அவருக்கு எத்தனையாம் இலக்கம்?”

நவம்பர் கடைசியில் வகுப்பில் பேசினான். மக்னிக்கு மூன்று வயது என்று தவறாகச் சொல்லிப் பிறகு மூன்று இரவு என்று திருத்தினான். ஆனால் விதாரின் சப்பாத்துக்கு வந்ததும் குரல் தானாக நிமிர்ந்தது. கோப்பிப் பையை மேசையில் கவிழ்த்துக் காட்டினான். வகுப்பு கைதட்டியது. ரோமன் இருபதுக்குப் பதினாறு போட்டார்.

அந்தப் பதினாறுதான் வினையாகியது. வீட்டில் மேசையில் கிடந்த, புள்ளி போட்ட தாளைத் தவரத்தினம் எடுத்துப் பார்த்தார். பிரெஞ்சு ஆசிரியர், பிரெஞ்சு வகுப்பு, பதினாறு. இரண்டே நாளில் ஒன்றியத்தின் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. ‘சிறப்புரை: செல்வன் தவரத்தினம் சேந்தன், பாதுகாப்புத் துறை.’

“தமிழில சொல்லு. பத்து நிமிசம்” என்றார். அவர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைச் சேந்தன் கண்டு கனகாலம். “ஆனால் ஆறு தலையோட எங்கட சாமியின்ர மகன் இருக்க, உனக்கேன் அந்தக் குளிர்நாட்டுச் சாமியின்ர மகன்மார்? உன்ர பேரே முருகன்ர பேர். அதையும் ஒரு சொட்டுச் சேர்.”

“பாப்பம் அப்பா.”

சேந்தன் உரையைத் தமிழில் எழுதி மேசையில் வைத்தான். விழாவுக்கு முதல்நாள் அது திரும்பி வந்தபோது, இரண்டாம் பக்கத்தின் பாதியில் சிவப்புப் பேனாவால் ஒரு நெடுங்கோடு விழுந்திருந்தது. விதாரின் சப்பாத்து முழுக்க அதற்குள் போய்விட்டது.

“இந்தச் சப்பாத்துக் கதை வேண்டாம்” என்றார் தவரத்தினம். “ஆக்கள் சாப்பிட வருகினம்.”

“அதுதான் அப்பா கதையே. அது இல்லாட்டி ஓநாயின்ர வாய்க்குள்ள அவன் எப்பிடிக் கால் வைக்கிறது?”

“வெறுங்காலோட வைக்கட்டும். சாமிதானே!” அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தவரத்தினம் குரலைக் குறைத்தார். “உனக்கு விளங்கேல்லையே தம்பி? நீ செருப்பு, தோல் எண்டு மேடையில கதைச்சால், இவன் ஏன் இவ்வளவு விபரமாய்க் கதைக்கிறான் எண்டு கேப்பாங்கள். ஊரில உந்த வேலையை ஆர் செய்தவை எண்டு தெரியுமோ?”

“தெரியும். அவையள் செய்து தந்ததைத்தானே நீங்கள் போட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்.”

“வாய் காட்டாதை!”

“நீங்கள் கோப்பை கழுவினதை ஒருநாளும் ஒளிக்கேல்லை. மேடையிலயே சொல்லியிருக்கிறியள்.”

“அது வேற. சமையல் ஆரும் செய்யலாம். மற்றவன்ர காலில கிடந்ததைத் தொடுறது வேற.” தவரத்தினம் தாளை அவன் கையில் திணித்தார். “கோடு போட்டதை விட்டுட்டு வாசி. இல்லையெண்டால் மேடையில ஏறவேண்டாம். உனக்குக் காய்ச்சல் எண்டு நான் சொல்லுறன்.”

அன்றிரவு கொப்பியில் பிழை என்று எதை எழுதுவது என்று சேந்தனுக்குத் தெரியவில்லை. உரையைத் தந்தது பிழையா, எழுதியது பிழையா? அப்பா முன்னால் நின்றபோது தொண்டைக்குள் வந்த இன்னும் இரண்டு வசனங்களை விழுங்கியது பிழையா? பின்பக்கத்தைப் புரட்டி இலக்கங்களை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழு சோடி. பிறகு ஒக்ரோபர் இரண்டாம் திகதிக்குப் போய், ‘சிறிய’ என்ற சொல்லை வெட்டினான்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. லா சப்பல் மெற்றோவிலிருந்து நடந்து போகும் தூரம். பின்பக்கம் வாழையிலைக்குப் பதிலாகக் கடதாசித் தட்டுகள் அடுக்கியிருந்தன. அண்டாக்களிலிருந்து ஆட்டிறைச்சி மணந்தது. நடனம் முடிந்து பிள்ளைகள் சலங்கையோடு ஓடித்திரிந்தார்கள். தவரத்தினம் கரும்பச்சைக் கோட்டோடு மேடைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார். அம்புறோஸ் மைக்கைப் பிடித்தார்.

“அடுத்து எங்கட செயலாளரின்ர மகன், பாதுகாப்புத் துறையில நல்ல நிலையில இருக்கிற…”

சேந்தன் மேடையேறினான். கையில் இரண்டு தாள், மற்றக் கையில் கோப்பிப் பை. பையைக் கண்டதும் தவரத்தினத்தின் தாடை இறுகியது. சேந்தனுக்கு இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கண்ணை முகங்களில் வைக்கமுடியாமல் தரையைப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு கறுத்தச் சப்பாத்து, இடது பக்கம் இழுத்துக் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளி வார்ச் செருப்பு, புதுக் குதி. அவனுக்குத் தெரிந்த கால்கள். மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தான்.

“எல்லாருக்கும் வணக்கம். என்ர மாலை வகுப்பில ஒவ்வொரு நாளும் ஒரு பிழையை எழுதச் சொல்லுவினம். இண்டைக்கு நிகழ்ச்சி நிரலிலயே ஒரு பிழை கிடக்கு. நான் பாதுகாப்புத் துறையில இல்லை. ரூ பெர்தொனேயில சப்பாத்துத் திருத்திற கடையில வேலை செய்யிறன். திறப்பும் வெட்டுவன்.”

யாரோ பின்னால் கோப்பையை வைத்த சத்தம் கேட்டது. திரைச்சீலைப் பக்கம் சேந்தன் பார்க்கவில்லை. கதையைத் தொடங்கிவிட்டான்.

மூன்று இரவுக் குழந்தை அரக்கனின் காலைத் தூக்கியபோது தாய்மார் சிரித்தார்கள். வாலி என்றதும், “எந்த வாலி? ராமாயண வாலியோ?” என்று நடுவிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

“இவருக்கு வால் இல்லை ஐயா. ஒரு நாள் வயசுதான்” என்றான் சேந்தன். சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்பு ஓயும்முன் விதாரிடம் வந்தான். சிவப்புக் கோட்டுக்கு மேலால் வாசித்தான். ஓநாய் வாயைத் திறந்தது. விதார் காலைத் தூக்கினான். கோப்பிப் பை மேசையில் கவிழ்ந்தது. தோல்துண்டுகள் கறுப்பும் மண்ணிறமுமாக வெள்ளை விரிப்பில் பரந்தன.

“சாப்பிடுற இடத்தில உதென்ன, செருப்புக் குப்பை?” என்றது ஒரு குரல். இன்னொன்று, “தவரத்தினத்தின்ர மகனுக்கு இப்ப இதோ தொழில்?” என்றது. அது தாழ்ந்த குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சொன்ன தாழ்ந்த குரல்.

அம்புறோஸ் அரைவாசி எழும்பினார். “தம்பி, நேரமாகுது. சாப்பாடு ஆறப்போகுது.”

“இரண்டு நிமிசம் அண்ணை.” சேந்தன் தாளைக் கீழே வைத்தான். இனி எழுதியது ஒன்றும் இல்லை. “இது குப்பை இல்லை. இந்த மண்டபத்துக் குதியளில வெட்டின துண்டுகள்தான் இதில முக்கால்வாசி. நான் துண்டு எழுதித்தான் வேலை செய்யிறனான். நேற்றும் எண்ணிப் பாத்தன். பதினேழு சோடி. எல்லாரும் திறப்பு வெட்ட வந்தவை. எல்லாரும் தங்களுக்கு மட்டும்தான் தெரியுமெண்டு நினைச்சவை. ஆர் ஆரெண்டு நான் சொல்லமாட்டன். பயப்படாதேங்கோ.”

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. முன்வரிசையில் ஒரு சோடிக் கால் கதிரைக்குக் கீழே போனது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டாம் வரிசை. மேடையிலிருந்து பார்த்த சேந்தனுக்கு, காற்றில் வயல் சாய்வதுபோல, கால்கள் வரிசை வரிசையாகக் கதிரைக்குள் இழுபட்டன. திருத்தாதவர்களும் இழுத்துக்கொண்டார்கள். அம்புறோஸ் தன் கறுத்தச் சப்பாத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி மறைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“அந்த யுத்தத்தில பேர் பெற்ற சாமியள் எல்லாரும் சாகினம்” என்றான் சேந்தன். “மிஞ்சிறது இந்த மகன்மார்தான். விதார், வாலி, மோதி, மக்னி. தகப்பனை விழுங்கின வாயை மகன் கிழிச்சது, பேர் தெரியாத ஆக்கள் வெட்டின தோலாலதான். அவையளுக்கு அங்கை மேடை இல்லை. இஞ்சை இருக்கட்டும் எண்டுதான் சொன்னனான். அவ்வளவுதான்.”

ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு முன்வரிசையில் சாரதாதேவி மாமி கதிரைக்குள் இழுத்திருந்த கால்களை எடுத்து, வெள்ளி வார்ச் செருப்போடு எல்லோருக்கும் தெரிய நீட்டினாள்.

“நல்ல குதி” என்றாள் உரக்க. “நாலு மாசம் தாங்கும் எண்டவன். மூண்டு திறப்பு வீணாய் வெட்டினதுதான் மிச்சம்.”

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். சில கால்கள் வெளியே வந்தன. பல வரவில்லை. சிலர் எழும்பி, சாப்பாட்டு வரிசைக்குப் போகாமல், கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். சேந்தன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். திரைச்சீலைப் பக்கம் பார்த்தபோது அங்கே ஒருவரும் இல்லை. அன்று நன்றியுரையை அம்புறோஸ்தான் சொன்னார்.

கார் து நோர்ட்டில் ரயிலேறும் மேடையில் தவரத்தினம் தனியே நின்றார். அம்மாவைச் சாரதாதேவி மாமி தன்னோடு மறித்துவைத்துவிட்டாள். அப்பாவும் மகனும் ஒரே பெட்டியில் ஏறி, எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரயில் சென்-தெனியில் நின்று புறப்பட்டது.

“இருபது வருசம்” என்றார் தவரத்தினம். “பத்து நிமிசத்தில கவிட்டுக் கொட்டிப்போட்டாய்.”

“நான் பொய் சொல்லேல்லை அப்பா.”

“உந்தக் கடைக்கு இனியும் போறதெண்டால் என்ர பேரைச் சொல்லிக்கொண்டு போகாதை.”

“அங்கை என்னைச் சேந்தன் எண்டுதான் கூப்பிடுகினம்” என்றான் சேந்தன். குரல் நடுங்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாயிருந்தது.

தவரத்தினம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எபினேயில் இறங்கினார்கள். அவர் முன்னால் நடந்தார். சீமெந்துத் தரையில் அவருடைய வலது சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் டக் டக் என்று தனியாகச் சத்தம் போட்டது. ரப்பர் தேய்ந்து ஆணி வெளியே வந்துவிட்டது. அந்தச் சப்பாத்தைச் சேந்தன் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். திருத்தித் தரவா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“வலது குதியில ஆணி தெரியுது” என்றான் பின்னாலிருந்து. “ஈரப் படி. வழுக்கும்.”

தவரத்தினம் திரும்பவில்லை. ஆனால் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். சேந்தன் அவருக்குப் பின்னால், அவசரப்படாமல் இறங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் குசினி மேசையில் கொப்பியை விரித்தான். அம்மா கதவைத் திறந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். சேந்தன் அந்தச் செருப்பைப் பார்த்ததும் பேனாவை எடுத்தான்.

டிசெம்பர் 14, ஞாயிறு. இன்றைய பிழை: மண்டபத்தில் பதினேழு சோடி என்று சொன்னேன். பதினெட்டு. அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் இன்று விழாவுக்கும் போட்ட செருப்புக்கு நான் துண்டு எழுதவில்லை. மார்ச் மாதம் அவவே கொண்டுவந்து தந்தது. நாளை: ஒன்பது மணிக்குக் கடை திறக்கமுன் கண்ணாடியைத் துடைத்து, முதல் வரிக்குக் கீழே ‘சப்பாத்து, செருப்பு திருத்தப்படும்’ என்று எழுதவேண்டும். வெள்ளைப் பெயின்ற், நடுத்தரத் தூரிகை. எழுத்து முதல் வரியின் அளவே இருக்கவேண்டும்.